மனை எண் 14-சி

முதுநகர் துறைமுக அலுவலகத்தில்
எனக்கு ஒரு நாற்காலி, ஒரு கடவுச்சொல்,
பிடித்தம் போக மாதம் பதினோராயிரம்.
கப்பல் வந்தால் பதிய வேண்டும்.
வராவிட்டாலும் பதிய வேண்டும்.
'கப்பலின் பெயர்' என்ற கட்டத்துக்குச்
சிவப்பு நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள்,
வெறுமையை அது வாங்காது.
முதல் வாரம் சுழியம் அடித்தேன்.
மறுவாரம் புள்ளி.
மூன்றாம் வாரம் மென்பொருள்காரர் போனில் சொன்னார்,
"டெஸ்ட்னு போடுங்க மேடம்."
அந்தக் காலாண்டில் கடலூருக்கு
டெஸ்ட் என்கிற கப்பல்
அறுபத்திரண்டு முறை வந்து போயிருக்கிறது.
மேலிடத்துத் திரையில் எங்கள் கோடு ஏறுமுகம்.

பங்குனிக் கடைசியில் ட்ரோன் பறந்தது,
காற்று எழுவதற்கு முன், காலை ஆறே முக்காலுக்கு.
உப்பனாற்று முகத்துவாரம், கிடங்குக் கூரைகள்,
கிரேன் வராத புதுத் தளம்,
மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது.
துண்டு துண்டாய் வெட்டி அனுப்பினார்கள்.
ஒவ்வொன்றுக்கும் நான் இரண்டில் ஒன்றைச் சொடுக்க வேண்டும்.
பயன்பாட்டில். காலி.
மூன்றாவது உண்டா என்று கேட்டேன்.
இல்லை.

14-சி வெறும் மணல்.
ஒரு நாய், அதைவிட நீளமாய் அதன் நிழல்,
நீலத் தார்ப்பாயின் ஒரு மூலை.
ஆறே முக்காலுக்கு வலை கடலில் இருக்கும்.
ஆறே முக்காலுக்குப் பெண்கள் ஏலத்தில் நிற்பார்கள்.
வேலைக்குப் போனவர்கள் வீட்டைப் பார்த்து
ஆளில்லை என்று எழுதுவதுபோல
காலி என்று சொடுக்கினேன்.
தெரியாமல் இல்லை.
இன்னும் நாற்பது துண்டு மீதி இருந்தது,
பேருந்துக்கு நேரமாகியிருந்தது.

ஆவணியில் அந்தச் சொடுக்கு
டெண்டராகத் திரும்பி வந்தது.
சுற்றிலும் கம்பி வேலி,
முகம் காட்டினால் திறக்கும் கேட்.
கலாவல்லி காட்டினாள்.
கூடைக்கும் சும்மாட்டுக்கும் கீழே
முகம் பாதிதான் தெரிகிறது என்றது பெண் குரல்.
"இறக்கி வச்சுட்டுக் காட்டுறேன்,
மறுபடி தூக்கிவிட நீ வர்றியா?"
கேட்டது என்னை இல்லை, கம்பத்தை.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டம்.
பொறியாளர் மடிக்கணினியை அவர்கள் பக்கம் திருப்பினார்.
"நான் சொல்லலைங்க,
சிஸ்டத்துல காலின்னு இருக்கு."
நாகமுத்து எட்டிப் பார்த்தார்,
திரைக்குப் பின்னாலும் பார்த்தார்.
"யாருங்க அந்த சிஸ்டம்? எந்த ஊரு, எந்தத் தெரு?"
சிரிப்பு வரவில்லை யாருக்கும்.
கோப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு
பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.
திருப்பாதிரிப்புலியூர்.
ரயிலடிக்குப் பின்னால் இரண்டாவது சந்து.
வாடகை வீடு.

கார்த்திகையில் புயல்.
தேசிங்கு கயிற்றை இழுத்து
ஏழாம் எண் கூண்டை ஏற்றிவிட்டு வந்தபோது
அவர் சட்டையிலிருந்து என் விசைப்பலகை வரை தண்ணீர்.
வேலியை யார் பிரித்தார்கள் என்று
யாரும் கேட்கவில்லை.
14-சி முழுக்கப் படகு,
ஒன்றின் விலாவில் ஒன்று இடித்தபடி
நூற்றுப் பதினொன்று.
நிலத்தின் கட்டத்தைத் திறந்து மாற்றினேன்.
'கோரிக்கை நிலுவையில்' என்றது.
அடுத்த கட்டத்தைத் திறந்தேன்.
கப்பலின் பெயர்.
டார்ச் அடித்துத் தேசிங்கு படித்துச் சொல்லச் சொல்ல
ஒவ்வொன்றாய் அடித்தேன்:
செல்லியம்மன் துணை. அலைமகள்.
கடன் தீர்த்தான்.
பேர் அழிந்துபோன பச்சைப் படகு.
கப்பல் வகை: மற்றவை.
எதையும் அது மறுக்கவில்லை.
பெயர் இருந்தால் அதற்குப் போதும்.
நள்ளிரவு தாண்டி மின்சாரம் போவதற்குள்
மேலிடத்துக்குத் தானாகவே ஒரு கடிதம் போயிற்று:
கடலூர்த் துறைமுகம் நிரம்பிவிட்டது,
இனி இடமில்லை.

மூன்றாம் நாள் அலுவலகம் திறந்தார்கள்.
நாற்காலி காய்ந்திருந்தது.
கடவுச்சொல்லை மூன்று முறை அடித்துப் பார்த்தேன்.